ஐஐடி: கட்டணம் உறுதி, ஊதியம் உறுதியா?

புது தில்லி: ஐஐடியில் இடம் கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கவலைகள் தீர்ந்துவிட்டன என்பது நாடு முழுவதும் பரவியுள்ள நம்பிக்கை. படிப்புக்கு எவ்வளவு செலவானாலும், முதல் சில ஆண்டுகளின் ஊதியத்திலேயே அதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பதே இந்த நம்பிக்கையின் அடிப்படை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் மத்திய அரசின் கட்டணக் கொள்கையும் இதே கணக்கின் மீதுதான் எழுப்பப்பட்டுள்ளது. அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்துமா என்ற கேள்வியை நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை ஒன்று எழுப்பியிருக்கிறது.

திக்விஜய் சிங் தலைமையிலான கல்வித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2025 மார்ச் மாதம் தாக்கல் செய்த அறிக்கையில், ஐஐடிகளில் வளாக வேலைவாய்ப்பு வழக்கத்துக்கு மாறாகச் சரிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. 2021-22, 2023-24 கல்வியாண்டுகளை ஒப்பிட்டால், மொத்தமுள்ள 23 ஐஐடிகளில் 22-இல் பி.டெக். மாணவர்களின் வேலைவாய்ப்பு விகிதம் குறைந்துள்ளது. விதிவிலக்கு, வாராணசியில் உள்ள பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழக ஐஐடி மட்டுமே. சென்னை ஐஐடியில் 85.71 சதவீதமாக இருந்த விகிதம் 73.29 சதவீதமாகவும், தில்லியில் 87.69 சதவீதத்திலிருந்து 72.81 சதவீதமாகவும், மும்பையில் 96.11 சதவீதத்திலிருந்து 83.39 சதவீதமாகவும் இறங்கின.

உயர்கல்விக்குச் செல்வோரும் சொந்தத் தொழில் தொடங்குவோரும் அதிகரித்ததே இதற்குக் காரணம் என்று சமாதானம் கூறப்படுவதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால், பழைய ஐஐடிகள், புதிய ஐஐடிகள் என்ற வேறுபாடின்றி ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரே காலகட்டத்தில் சரிவு ஏற்பட்டதை இந்த ஒரு காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் உலக அளவில் ஆள்சேர்ப்பைக் குறைத்த காலம் அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எட்டு ஆண்டுகளில் நான்கு மடங்கு: 2008-ஆம் ஆண்டு ஐஐடிகளில் பி.டெக். படிப்புக்கான ஆண்டுக் கல்விக் கட்டணம் ரூ. 25 ஆயிரத்திலிருந்து ரூ. 50 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. 2013-இல் அது ரூ. 90 ஆயிரம் ஆனது. 2016 ஏப்ரலில், ஸ்மிருதி இரானி மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, ஒரே தாவலில் ரூ. 2 லட்சமாக உயர்ந்தது. ரூ. 3 லட்சமாக்க வேண்டும் என்பதே அப்போது ஐஐடி கவுன்சிலின் நிலைக்குழு முன்வைத்த பரிந்துரை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ரூ. 50 ஆயிரமாக நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், நான்கு மடங்காகியிருந்தது.

இந்த உயர்வுக்கான வாதத்தை முன்பே தெளிவாக எடுத்துரைத்தது அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு. மாணவர் ஒருவருக்குக் கல்வி அளிக்க ஆகும் நடைமுறைச் செலவைக் கட்டணமே ஈடுசெய்ய வேண்டும். அதற்கு ஆண்டுக்கு ரூ. 2 லட்சம் முதல் ரூ. 2.5 லட்சம் வரை வசூலிக்கலாம். ஐஐடி பட்டதாரிக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் கருதினால் இது நியாயமான தொகையே. வசதியற்ற மாணவர்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு அறிக்கையில் அக்குழு கூறியது. அதாவது, எதிர்கால ஊதியத்தைப் பிணையாகக் கொண்டு இன்றைய கட்டணத்தை நிர்ணயிப்பது.

ஐஐடிகளின் கை இறுகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டடம், ஆய்வகம் போன்றவற்றுக்கு அரசு நேரடி மானியம் வழங்கி வந்த நிலை மாறி, கல்வி அமைச்சகமும் கனரா வங்கியும் இணைந்து 2017-இல் தொடங்கிய உயர்கல்வி நிதி முகமை (ஹெஃபா) மூலம் கடன் வழங்கும் முறை வந்தது. வட்டியை அரசு ஏற்கிறது. ஆனால், பழைய ஐஐடிகள் அசல் முழுவதையும் தங்கள் சொந்த வருவாயிலிருந்தே திருப்பிச் செலுத்த வேண்டும். அந்தச் சொந்த வருவாயில் மாணவர் கட்டணமும் அடங்கும்.

அரசு ஏற்கும் பங்கு: இவ்வளவுக்குப் பிறகும், படிப்புச் செலவின் பெரும்பகுதியை ஏற்பது அரசுதான் என்பதை மறுக்க முடியாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஐஐடிகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ. 11,349 கோடி. 23 ஐஐடிகளிலும் பயிலும் மாணவர்களின் எண்ணிக்கை 1.35 லட்சம் என்று அதே நிதிநிலை அறிக்கை உரை தெரிவித்தது. வகுத்துப் பார்த்தால் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 8.4 லட்சம். இதில் ஆராய்ச்சி, புதிய வளாகங்களுக்கான செலவு ஆகியவையும் அடங்கும் என்பதால், முழுத் தொகையையும் பாடம் கற்பிக்கும் கணக்கில் எழுத முடியாது. எனினும், மாணவர் செலுத்தும் ரூ. 2 லட்சத்தைப் போலப் பல மடங்கை மக்களின் வரிப்பணம் ஏற்கிறது என்பதில் ஐயமில்லை.

"மக்கள் வரிப்பணத்தில் படித்து வெளிநாடு போகிறார்கள்' என்ற குற்றச்சாட்டு எழுவது இதனால்தான். 2010-ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வில் முதல் 1,000 இடங்களைப் பெற்றவர்களைப் பின்தொடர்ந்து மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு, அவர்களில் 36 சதவீதத்தினர் வெளிநாடு சென்றுவிட்டதாகக் கண்டறிந்தது. முதல் 100 பேரில் இது 62 சதவீதம். ஆனால், இதே புள்ளிவிவரத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. முதல் 1,000 பேரில்கூட ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இங்கேயே இருக்கிறார்கள். ஆண்டுக்கு ரூ. 18 லட்சம் ஊதியம் பெறும் ஒருவர், 2025-26-க்கான புதிய வருமான வரி விகிதத்தின்படி செலுத்த வேண்டிய வரி ஏறத்தாழ ரூ. 1.5 லட்சம். ஊதியம் உயர உயர வரியும் உயரும். அரசு செய்த செலவு மெல்ல மெல்ல அரசுக்கே திரும்புகிறது. ஆகவே, கட்டணத்தை உயர்த்தினால்தான் அரசுக்கு நியாயம் கிடைக்கும் என்ற வாதம் முழுமையானதல்ல.

சராசரி மறைக்கும் உண்மை: ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் கோடி ரூபாய் ஊதியம் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. மும்பை ஐஐடியின் 2023-24 ஆண்டு விவரங்களைக் கூர்ந்து பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. வளாகத் தேர்வில் பங்கேற்ற 1,979 மாணவர்களில் வேலை பெற்றவர்கள் 1,475 பேர். பி.டெக். மட்டுமின்றி எல்லாப் படிப்புகளையும் சேர்த்த கணக்கு இது. பங்கேற்ற நால்வரில் ஒருவருக்கு வளாகத்தில் வேலை அமையவில்லை. ரூ. 1 கோடிக்கு மேல் ஊதியம் பெற்றவர்கள் 22 பேர். அதாவது, வேலை பெற்றவர்களில் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. ஆண்டுக்கு ரூ. 4 லட்சம் முதல் ரூ. 6 லட்சம் வரையிலான வேலையை 10 பேர் ஏற்றுக்கொண்டனர்.

சராசரி ஊதியம் ரூ. 23.5 லட்சம் என அறிவிக்கப்பட்டது. ஆனால், இடைநிலை ஊதியம் ரூ. 17.92 லட்சம் மட்டுமே. வேலை பெற்றவர்களில் பாதிப் பேர் இந்தத் தொகைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். மேல்வரிசையில் இருக்கும் சிலரது பெரும் ஊதியம் சராசரியை உயர்த்திக் காட்டுகிறது. வேலை கிடைக்காதவர்கள் இரண்டு கணக்கிலும் சேர்வதில்லை. மேலும், நிறுவனங்கள் அறிவிக்கும் ஊதியத் தொகுப்பில் பங்கு ஒதுக்கீடு, சேர்க்கை ஊக்கத்தொகை, வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பு என எல்லாம் சேர்ந்தே இருக்கும். மாதந்தோறும் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. நாட்டின் முன்னணி ஐஐடிகளில் ஒன்றின் நிலை இது. 2008-க்குப் பிறகு தொடங்கப்பட்ட ஐஐடிகளிலும், கணினி அறிவியல் அல்லாத துறைகளிலும் பயிலும் மாணவர் இந்த எண்களைத் தனக்கும் உரியவையாக எடுத்துக்கொள்ள இயலாது.

கடன் வாங்கினால்: கல்விக் கட்டணத்துடன் விடுதி, உணவு, பயணம், கணினி ஆகிய செலவுகளையும் சேர்த்தால், சலுகை ஏதும் பெறாத மாணவருக்கு நான்கு ஆண்டுகளில் ரூ. 10 லட்சம் முதல் ரூ. 12 லட்சம் வரை ஆகும். நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி மையங்களுக்கு அதற்கு முன்பே குடும்பங்கள் லட்சக்கணக்கில் செலவிட்டிருக்கும். கோட்டாவிலோ ஹைதராபாதிலோ ஓரிரு ஆண்டுகள் தங்கிப் படித்தும் இடம் கிடைக்காதவர்களுக்கு அந்தப் பணம் முழு இழப்பு. 2024-இல் முதன்மைத் தேர்வைக் கடந்து, அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை எழுதியவர்கள் மட்டும் 1.80 லட்சம் பேர். ஐஐடிகளில் இருந்த பி.டெக். இடங்கள் 17,740.

இடம் கிடைத்த ஒருவர் ஆண்டுக்கு ரூ. 2.5 லட்சம் வீதம் ரூ. 10 லட்சத்தை 9 சதவீத வட்டியில் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, தனி வட்டியாகக் கணக்கிட்டாலும் கடன் ரூ. 13.15 லட்சமாக இருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 16,650.

மாதம் ஒரு லட்சம் ரூபாய் கைக்கு வரும் பட்டதாரிக்கு இது ஊதியத்தில் ஆறில் ஒரு பங்கு. சுமைதான் என்றாலும் தாங்கக்கூடியது. தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் நான்காண்டுப் படிப்புக்கு ரூ. 20 லட்சத்துக்கும் மேல் ஆகும் நிலையில், ஐஐடி இன்னமும் லாபகரமான முதலீடே. ஆனால், ஆண்டுக்கு ரூ. 6 லட்சம் ஊதியத்தில் பெங்களூரிலோ குருகிராமிலோ வாடகைக்குக் குடியிருக்கும் இளைஞருக்கு அதே தவணை, கைக்கு வரும் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வேலையே அமையாதவருக்கோ, பெற்றோரின் சேமிப்பே தவணையாகும். கட்டணம் மூவருக்கும் ஒன்றுதான். பலன் மூவருக்கும் ஒன்றல்ல.

ஐந்து லட்சம் எனும் கோடு: 2016-ஆம் ஆண்டு கட்டண உயர்வின்போது சில பாதுகாப்புகளும் அறிவிக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்குக் கல்விக் கட்டணம் முழுமையாக விலக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ. 1 லட்சத்துக்கும் குறைவான குடும்பங்களுக்கும் முழு விலக்கு. ரூ. 1 லட்சம் முதல் ரூ. 5 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு மூன்றில் இரு பங்கு விலக்கு. ஏழை மாணவர்கள் ஐஐடியின் வாசலை மிதிக்க முடியாமல் போகும் என்ற அச்சத்தை இந்த ஏற்பாடு பெருமளவு போக்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிக்கல் அந்த ரூ. 5 லட்சம் கோட்டில்தான் தொடங்குகிறது. குடும்ப வருமானம் ரூ. 4.99 லட்சம் எனில் மாணவர் செலுத்த வேண்டியது ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 66,700. வருமானம் ரூ. 5.01 லட்சம் எனில் முழு ரூ. 2 லட்சம். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் வருமானத்துக்கு, நான்கு ஆண்டுகளில் ரூ. 5.33 லட்சம் கூடுதல் கட்டணம். படிப்படியாக ஏற வேண்டிய கட்டணம் செங்குத்தாக ஏறுகிறது.

பின்தங்கியோர் யார் என்பதற்கு அரசு வேறிடங்களில் வைத்திருக்கும் அளவுகோல் ரூ. 8 லட்சம். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான "கிரீமி லேயர்' வரம்பு 2017-இல் ரூ. 8 லட்சமாக உயர்த்தப்பட்டது. பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினருக்கு 2019-இல் 10 சதவீத இடஒதுக்கீடு வழங்கப்பட்டபோதும் அதே ரூ. 8 லட்சமே வரம்பானது. ஆக, ரூ. 6 லட்சம் வருமானமுள்ள ஒரு சிறு கடைக்காரரின் மகள், இடஒதுக்கீட்டுக்குப் பின்தங்கியவராகவும், கட்டணம் என்று வரும்போது வசதி படைத்தவராகவும் கருதப்படுகிறார். மத்திய அரசின் இரு கைகளும் ஒரே குடும்பத்தை இருவேறு விதமாக அளக்கின்றன.

இடைநிற்றல் என்ற இழப்பும் இங்கே நினைவுகூரத் தக்கது. ஐஐடிகளிலிருந்து ஐந்து ஆண்டுகளில் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த 2,066 மாணவர்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த 1,068 பேரும், பழங்குடியினர் 408 பேரும் விலகியதாக 2023 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வேறு படிப்புக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறிச் சென்றவர்களும் இதில் உண்டு. ஆனால், கடன் வாங்கிச் சேர்ந்து பட்டம் பெறாமல் வெளியேறும் மாணவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சும். பலன் எதுவும் இல்லை.

முன்னே செலவு, பின்னே பலன்: பலன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நான்கு ஆண்டுகள் கழித்தே வரும், பணமோ இன்று கட்டப்பட வேண்டும். இந்த இடைவெளி எவ்வளவு கொடுமையானது என்பதை 2024-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த வழக்கு உணர்த்தியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு, தாழ்த்தப்பட்டோர் பிரிவில் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. சேர்க்கையை உறுதி செய்யக் கட்ட வேண்டிய தொகை ரூ. 17,500. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் குடும்பத்தால் அதைச் செலுத்தி முடிக்க முடியவில்லை, இடம் பறிபோனது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்த அந்த மாணவர், இறுதியில் உச்சநீதிமன்றத்தை அணுகினார். செப்டம்பர் 30-ஆம் தேதி, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவு வழங்கும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவருக்கு இடம் வழங்க உத்தரவிட்டது.

கல்விக் கட்டணத்திலிருந்து முழு விலக்கு பெறும் பிரிவைச் சேர்ந்தவர் அவர் என்பது கவனிக்கத்தக்கது. நான்கு ஆண்டுகளுக்கான சலுகை காகிதத்தில் இருந்தது. நான்கு நாள்களுக்குள் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் திரட்டுவதற்கு வழி இருக்கவில்லை. ஒவ்வொரு மாணவரும் உச்சநீதிமன்றம் வரை வர இயலாது.

மாற்று வழிகள்: மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் சரியான திசையில் ஓர் அடி. பிணையும் ஜாமீனும் இன்றிக் கல்விக் கடன், ரூ. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீத அரசு உத்தரவாதம்; ரூ. 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, தவணை தொடங்கும் வரையிலான காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகை ஆகியவை இதன் அம்சங்கள். ஆனால், வட்டிச் சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே. முக்கியமாக, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஊதியம் ரூ. 5 லட்சமானாலும் ரூ. 50 லட்சமானாலும், தவணை ஒன்றே.

ஆஸ்திரேலியா 1989-இல் அறிமுகப்படுத்திய முறை வேறு வகையானது. அங்கு படிக்கும்போது மாணவர் பணம் கட்ட வேண்டியதில்லை. வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பிறகு, வருமான வரியுடன் சேர்த்துக் கட்டணம் பிடித்தம் செய்யப்படுகிறது. அதிகம் சம்பாதிப்பவர் விரைவில் அடைக்கிறார். வருமானம் குறைந்தால் பிடித்தம் நின்றுவிடுகிறது. இந்தியாவில் வரி செலுத்துவோரின் எண்ணிக்கை குறைவு என்பதும், வெளிநாடு செல்வோரிடம் வசூலிப்பது கடினம் என்பதும் நியாயமான தயக்கங்கள். ஆனால், ஐஐடி பட்டதாரிகளில் பெரும்பாலோர் நிரந்தரக் கணக்கு எண் வைத்து, முறையான நிறுவனங்களில் பணியாற்றுபவர்கள். இத்தகைய முறையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளிகளில் படித்து ஐஐடி, எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேரும் மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாகத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மத்திய அரசு நடத்தும் நிறுவனத்தின் கட்டணத்தை மாநில அரசு செலுத்த வேண்டியிருப்பதே, மத்திய அரசின் சலுகை ஏற்பாட்டில் உள்ள ஓட்டையைக் காட்டுகிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில், 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட ஐந்து ஐஐடிகளில் 6,500 இடங்கள் கூடுதலாக உருவாக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இடங்கள் பெருகுவது வரவேற்கத்தக்கதே. ஆனால், இடங்கள் பெருகும் அளவுக்கு உயர் ஊதிய வேலைகள் பெருகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. எதிர்கால ஊதியத்தைக் காரணம் காட்டிக் கட்டணத்தை உயர்த்திய அரசு, அந்த ஊதியம் கிடைக்காதபோது ஏற்படும் நஷ்டத்தில் பங்கேற்க மறுப்பது நியாயமாகாது.

ரூ. 5 லட்சம் வரம்பை ரூ. 8 லட்சமாக உயர்த்துவதற்கும், ஒரே கோட்டில் செங்குத்தாக ஏறும் கட்டணத்தைப் படிநிலைகளாக மாற்றுவதற்கும், சேர்க்கைத் தொகையைக் கட்ட முடியாதவர்களிடமிருந்து அதைப் பின்னர் வசூலித்துக்கொள்வதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஐஐடி கவுன்சில் கூடி முடிவெடுத்தாலே போதும். ஊதியத்துக்கேற்ற தவணை முறைக்குச் சற்றுக் காலம் ஆகலாம். அதுவரை, ஒவ்வொரு ஐஐடியும் தனது சராசரி ஊதியத்துடன், துறைவாரியான இடைநிலை ஊதியத்தையும் வேலை கிடைக்காதவர்களின் எண்ணிக்கையையும் வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாம். சேமிப்பையும் கடனையும் நம்பி மகனையோ மகளையோ அனுப்பும் பெற்றோருக்கு, எதை நம்பி அனுப்புகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது இருக்க வேண்டும்.